வீட்டில் மாம்பழ மார்கரிட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ மதுவான தெக்கீலாவும் பழமும் சேரும் பானங்களில் நம் ஊர்ச் சந்தைக்கு மிகவும் பொருந்துவது மாம்பழ மார்கரிட்டா. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கிடைக்கும் பழம், ஈரச்சந்தை எலுமிச்சை, வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸ் ஆகியவற்றைக் கொண்டே நல்ல மதுக்கூடத் தரத்தில் இதைச் செய்யலாம். 18 வயது நிரம்பியவர்களுக்கான பக்கம் இது.

ஒரு கிளாஸுக்கு என்னென்ன அளவு?

தெக்கீலா 45 மி.லி., டிரிபிள் செக் எனப்படும் ஆரஞ்சு மது 15 மி.லி., அப்போதுதான் பிழிந்த எலுமிச்சைச் சாறு 25 மி.லி., மாம்பழக் கூழ் 60 மி.லி., சர்க்கரைப் பாகு 5 முதல் 10 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை. அளவுக் குவளை இல்லையென்றால் கேக் செய்யும் அளவுக் கரண்டி போதும்: மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி. கண்ணளவில் ஊற்றாதீர்கள். எலுமிச்சையில் 10 மி.லி. கூடினாலும் குறைந்தாலும் பானம் வேறாகிவிடும்.

பழம் சேராத மார்கரிட்டாவுக்குப் பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கம் வகுத்த அளவு தெக்கீலா 50, டிரிபிள் செக் 20, எலுமிச்சை 15. மாம்பழம் தானே இனிப்பைக் கொண்டுவருவதால் இங்கே ஆரஞ்சு மதுவைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டியிருக்கிறோம்.

பாகு ஏன் 5 முதல் 10 வரை? ஒரே அளவாகச் சொல்லக்கூடாதா?

சொல்ல முடியாது. இந்தப் பானம் சரியாக வருவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மாம்பழங்கள்கூட ஒரே இனிப்பில் இருப்பதில்லை. முதலில் கூழை ஒரு கரண்டி வாயில் போட்டுப் பாருங்கள். தேன் போல இருந்தால் பாகே வேண்டாம். இனிப்பும் புளிப்பும் சமமாக இருந்தால் 5 மி.லி., புளிப்பு முந்தினால் 10 மி.லி. ஐஸ் போடும் முன் கலவை சற்றே அதிக இனிப்பாகவும் சற்றே அதிகப் புளிப்பாகவும் தெரிய வேண்டும். குலுக்கும்போது கரையும் ஐஸ் இரண்டையும் தணித்துவிடும்.

பாகு செய்ய 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. வெந்நீரில் கலக்கினால் போதும், கொதிக்கவிட வேண்டாம். சுத்தமான போத்தலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

எப்படிக் கலப்பது?

மாம்பழத்தை மிக்சியில் தண்ணீர் விடாமல் அரைத்து, நார் உள்ள பழமானால் வடிகட்டியில் கரண்டியால் அழுத்தி வடித்துக்கொள்ளுங்கள். கிளாஸை ஃபிரீசரில் பத்து நிமிடம் வையுங்கள். குலுக்கும் பாத்திரத்தில் எலுமிச்சை, பாகு, உப்பு, கூழ், டிரிபிள் செக் ஊற்றி, தெக்கீலாவைக் கடைசியில் சேருங்கள். நடுவில் அளவு தப்பினாலும் விலை கூடிய பொருள் வீணாகாது. கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு, பெரிய ஐஸ் கட்டிகள் ஐந்தாறு போட்டு, மூடி இறுக்கி, 15 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். கூழ் கெட்டியானது என்பதால் மெதுவாக ஆட்டினால் அடியில் தங்கிவிடும். பாத்திரத்தின் வெளிப்புறம் பனித்து, பிடிக்க முடியாத அளவு குளிர்ந்ததும் நிறுத்திவிட்டு, புதிய ஐஸ் போட்ட கிளாஸில் வடித்து ஊற்றுங்கள். குலுக்கிய ஐஸை மறுபடி கிளாஸில் போடக்கூடாது. பாதி கரைந்த அந்தக் கட்டிகள் ஐந்து நிமிடத்தில் பானத்தை நீர்க்க வைத்துவிடும்.

ஷேக்கர் இல்லாதவர்கள் வாய் அகலமான எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தலைப் பயன்படுத்தலாம். வடிக்க டீ வடிகட்டி. மெல்லிய கண்ணாடிப் போத்தல் வேண்டாம், ஐஸ் மோதி உடையும். சோடா கலந்த எதையும் மூடிக் குலுக்காதீர்கள், வாயு அழுத்தத்தில் மூடி தெறிக்கும்.

எந்தத் தெக்கீலா வாங்குவது?

லேபிளில் '100% அகாவே' என்று இருக்க வேண்டும். தெக்கீலா வடிக்கப் பயன்படும், கற்றாழை போன்ற செடிதான் அகாவே. அது இல்லாத தெக்கீலாவில் 51 விழுக்காட்டுச் சர்க்கரை மட்டும் நீல அகாவேயிலிருந்து வந்திருந்தால் போதும், மீதி கரும்பு போன்றவற்றிலிருந்து வரலாம். விலை குறைவு, ஆனால் அகாவேயின் பச்சை வாசனையும் குறைவு. பழம் அதை எளிதில் மூடிவிடும்.

பிளாங்கோ பீப்பாயில் ஊறாதது அல்லது இரண்டு மாதத்துக்கும் குறைவாக ஊறியது. மிளகுக் காரமும் பச்சிலை வாசமும் தெளிவாக இருக்கும். மாம்பழத்துக்கு இதுதான் எங்கள் தேர்வு. ரெப்போசாடோ குறைந்தது இரண்டு மாதம் ஓக் மரத்தில் ஊறியது, அன்னாசிக்கும் குலா மெலாகா எனும் தென்னை வெல்லத்துக்கும் நன்றாக இசையும். ஓராண்டுக்கு மேல் ஊறிய அன்யெஹோவைப் பழத்தோடு கலப்பது வீண்செலவு, அதைத் தனியாகக் குடியுங்கள்.

சிங்கப்பூரில் விலை ஏன் கூடுதல் என்பதற்குக் காரணம் வரி. தெக்கீலா போன்ற கடும் மதுவில் உள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி மதுவரி. 40 விழுக்காடு கொண்ட 700 மி.லி. போத்தலில் அது 280 மி.லி., ஆக 24 வெள்ளி 64 காசு. அதன் மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. இதில் மதுவரி விலை உயர்ந்த போத்தலுக்கும் மலிவான போத்தலுக்கும் ஒன்றே. அதனால் இன்னும் பத்துப் பதினைந்து வெள்ளி சேர்த்து 100% அகாவே வாங்கினால் அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் சுவைக்கே போகிறது. ஒரு போத்தலில் 15 கிளாஸ் வரும்.

டிரிபிள் செக் இல்லாமல் செய்யலாமா?

தாராளமாக. தெக்கீலாவை 50 மி.லி. ஆக்கி, பாகை 5 மி.லி. கூட்டி, ஆரஞ்சுத் தோலின் வெளிப்பகுதியை மட்டும் விரல் நீளம் சீவி உள்ளே போட்டுக் குலுக்குங்கள். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அது வரக்கூடாது. அகாவே பாகு கிடைத்தால் ஆரஞ்சு வாசனையையே விட்டுவிடலாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் டாமிஸ் உணவகத்தில் பிறந்த மார்கரிட்டா அப்படித்தான்: தெக்கீலா, எலுமிச்சை, அகாவே பாகு, அவ்வளவே. அகாவே பாகு சர்க்கரைப் பாகைவிட இனிப்பு கூடியது, பாதியில் தொடங்குங்கள்.

சிங்கப்பூரில் எந்த மாம்பழம், எப்போது?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை தேக்கா சந்தையிலும் சுற்றியுள்ள கடைகளிலும் இந்தியப் பழங்கள் வந்து குவியும். அல்போன்சோவுக்கு மணமும் நிறமும் அதிகம், நார் இல்லை. பானத்துக்கு அதைவிட நல்ல பழம் இல்லை என்றே சொல்வோம். பங்கனப்பள்ளி சதை நிறைந்தது, விலை கட்டுப்படியாகும், மணம் சற்றுக் குறைவு. எலுமிச்சையை 5 மி.லி. குறைத்தால் அதன் சுவை மேலே வரும்.

மற்ற மாதங்களில் தாய்லாந்தின் நீண்ட மஞ்சள் மாம்பழம். நல்ல இனிப்பு, புளிப்பு மிகக் குறைவு. இதற்கு எலுமிச்சை 30 மி.லி. வேண்டும். காம்பருகே அழுத்தினால் லேசாக உள்வாங்க வேண்டும், முகர்ந்தால் மணக்க வேண்டும். மணக்காத பழத்துக்குள் எவ்வளவு பாகு ஊற்றினாலும் மாம்பழச் சுவை வராது.

டின்னில் வரும் மாம்பழக் கூழ் சரிப்படுமா?

சரிப்படும். முஸ்தஃபாவிலும் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளிலும் 850 கிராம் டின்கள் கிடைக்கின்றன. பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தவை, ஆகவே பாகை விட்டுவிட்டு எலுமிச்சையை 30 மி.லி. ஆக்குங்கள். டின்னைத் திறந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மீதியை ஐஸ் தட்டில் உறைய வைத்தால் அடுத்த முறைக்கு அளவெடுத்த கட்டிகளாகவே கிடைக்கும்.

சுவை சரியாக வரவில்லை. என்ன தவறு?

திகட்டினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எலுமிச்சையை 5 மி.லி. சேர்த்து மறுபடி குலுக்குங்கள். பலரும் இந்த இடத்தில் தெக்கீலாவைக் கூட்டுகிறார்கள். அதனால் போதை கூடுமே தவிர இனிப்பு குறையாது.

சப்பென்று இருந்தால் முதலில் உப்பு. ஒரே ஒரு சிட்டிகை கசப்பை அடக்கிப் பழத்தை முன்னுக்குக் கொண்டுவரும். உப்புக் கரிக்கும் அளவுக்குப் போகக்கூடாது. உப்பு போட்டும் உயிர் வரவில்லையென்றால் எலுமிச்சை பழையது. காலையில் பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் மணம் இழக்கத் தொடங்கும். போத்தலில் விற்கும் சாற்றில் அந்த மணம் தொடக்கத்திலேயே இல்லை.

கசந்தால் எலுமிச்சையை அளவுக்கு மீறி நசுக்கியிருப்பீர்கள், அல்லது விதை மிக்சியில் அரைபட்டிருக்கும். நீர்த்துப்போனால் ஐஸ்தான் காரணம். சிறிய, ஈரமான கட்டிகள் குளிர்விப்பதற்கு முன்பே கரைந்துவிடும். ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்துங்கள். இன்னொன்று: ஐஸ் தட்டை மூடி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் மீன் குழம்பின் வாசனையும் சம்பல் வாசனையும் ஐஸில் ஏறிக்கொள்ளும், குடிக்கும்போது தெளிவாகத் தெரியும்.

கிளாஸில் இரண்டு அடுக்காகப் பிரிந்தால் கூழ் கெட்டியாக இருந்தது என்று பொருள். சுவைக்குக் கேடில்லை, கலக்கிக் குடிக்கலாம்.

எலுமிச்சைக்குப் பதில் லீமாவ் கஸ்தூரி எனும் சின்ன எலுமிச்சை?

மிக நன்றாக இருக்கும். புளிப்போடு மாண்டரின் ஆரஞ்சின் மணமும் சேர்வதால் டிரிபிள் செக்கை 10 மி.லி. ஆகக் குறைத்துவிடலாம். ஒரு காயில் ஒரு தேக்கரண்டி அளவுதான் சாறு வரும், ஆகவே கிளாஸுக்கு ஐந்தாறு காய் வேண்டும். விதை நிறைய, கட்டாயம் வடிகட்டுங்கள்.

மிக்சியில் ஐஸோடு அரைத்த வகை எப்படி?

வெறும் ஐஸை நம்பாமல் பழத்தையே உறைய வையுங்கள். மாம்பழத் துண்டுகள் 120 கிராம் முதல் நாள் ஃபிரீசரில். மறுநாள் தெக்கீலா 45, டிரிபிள் செக் 15, எலுமிச்சை 30, பாகு 15 மி.லி. மிக்சியில் முதலில் ஊற்றி, பிறகு பழம், மேலே ஐஸ் 80 கிராம். திரவம் அடியில் இருந்தால்தான் கத்தி சுழலும். 30 விநாடி போதும். அதற்கு மேல் ஓடினால் மோட்டார் சூட்டிலேயே உருகும். பாகு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் குளிர்: உறைந்த நிலையில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும்.

முன்கூட்டியே செய்து ஃபிரீசரில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குலுக்கும் அளவில் கலந்து அப்படியே வைத்தால் அதில் ஆல்கஹால் 16 விழுக்காடு இருக்கும், வீட்டு ஃபிரீசரில் சரியாக இறுகாது. கிளாஸுக்கு 70 மி.லி. தண்ணீர் சேர்த்தால் ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்கு இறங்கி, மறுநாள் கரண்டியால் அள்ளும் பதத்தில் இருக்கும்.

வேறு பழங்கள்?

கொய்யாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பழக்கடையில் கொய்யாத் துண்டோடு தரும் அசாம் போய்த் தூள் (உலர்ந்த புளிப்புப் பிளம் தூள்) கிளாஸ் விளிம்புக்கு அற்புதமாகப் பொருந்தும், உப்பும் புளிப்பும் இனிப்பும் அதிலேயே இருக்கின்றன. சிவப்புக் கொய்யாச் சாறு 75 மி.லி., தெக்கீலா 45, எலுமிச்சை 25. பாக்கெட் சாறு என்றால் பாகும் டிரிபிள் செக்கும் வேண்டாம். பழத்தை நீங்களே அரைத்தால் விதையை வடிகட்டி, கெட்டிக்கு ஏற்ப 20 மி.லி. தண்ணீர் விடுங்கள்.

அன்னாசி குலுக்கும்போது நன்றாக நுரைக்கும், வடித்து ஊற்றினால் மேலே வெண்ணுரை நிற்கும். 60 மி.லி. சாற்றுக்கு எலுமிச்சை 20 போதும். பாகுக்குப் பதில் குலா மெலாகாப் பாகு 5 மி.லி. சேர்த்து ரெப்போசாடோவில் செய்து பாருங்கள். தர்பூசணியில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர், அதனால் குறைவான ஐஸோடு குறைந்த நேரம் குலுக்குங்கள். மார்க்கிசா (பேஷன் ஃபுரூட்) தானே புளிப்பு, ஒரு பழத்துக்கு எலுமிச்சை 10 மி.லி. மட்டும். பப்பாளி வேண்டாம், எலுமிச்சையும் தெக்கீலாவும் அதன் மணத்தை எழவே விடாது.

கிளாஸ் விளிம்பில் உப்பு எப்படி ஒட்டுவது?

தூள் உப்பு வேண்டாம், அடையாக ஒட்டிக்கொண்டு வாய் முழுவதும் கரிக்கும். கல்லுப்பை உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைத் துண்டால் விளிம்பின் வெளிப்புறத்தைப் பாதி வட்டம் மட்டும் ஈரமாக்கி உப்பில் ஒற்றுங்கள். உப்பு வேண்டாத மிடறுக்கு மறுபாதி இருக்கும். உள்பக்கம் பட்டால் பானத்தில் கரைந்துவிடும்.

மாம்பழத்துக்கு இன்னும் பொருத்தமானது மிளகாய் உப்பு: இடித்த கல்லுப்பு 2 தேக்கரண்டி, மிளகாய்த் தூள் அரை, மாங்காய்த் தூள் அரை. மெக்சிகோவின் தெருக்களிலும் மாம்பழத்தை மிளகாயும் உப்பும் எலுமிச்சையும் தூவித்தான் விற்கிறார்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் வழியே பிலிப்பீன்ஸ் மாம்பழம் அந்நாட்டுக்குப் போனது. அங்கே இன்றும் ஒரு வகைக்கு மணிலா என்றே பெயர். மாங்காய்ப் பத்தையை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்று வளர்ந்தவர்களுக்கு இந்த விளிம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பத்துப் பேருக்கு ஒரே ஜாடியில்?

தெக்கீலா 450, டிரிபிள் செக் 150, கூழ் 600, பாகு 75 மி.லி., உப்பு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. இவற்றை முதல் நாளே கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். எலுமிச்சைச் சாறு 250 மி.லி. விருந்துக்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். குலுக்காமல் ஊற்றப்போவதால் ஐஸ் கரைந்து வரவேண்டிய தண்ணீரையும் நீங்களே ஊற்ற வேண்டும்: 200 மி.லி. குளிர்ந்த தண்ணீர். பலர் இதை விட்டுவிட்டு, 'கடுமையாக இருக்கிறதே' என்று சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். ஜாடிக்குள் ஐஸ் போடாமல் கிளாஸில் போடுங்கள், ஒவ்வொரு முறை ஊற்றும் முன்னும் அடிவரை கலக்குங்கள்.

இது எவ்வளவு கடுமையான பானம்?

பழச்சுவையில் தெரியாது, ஆனால் கடுமைதான். 45 மி.லி. தெக்கீலாவும் 40 விழுக்காட்டு டிரிபிள் செக் 15 மி.லி.யும் சேர்ந்தால் ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால். சிங்கப்பூரில் ஓர் அலகு என்பது 10 கிராம், ஆக ஒரு கிளாஸே கிட்டத்தட்ட இரண்டு அலகு. சுகாதார மேம்பாட்டு வாரியம் நாளொன்றுக்கு ஆண்களுக்கு இரண்டு அலகு, பெண்களுக்கு ஓர் அலகு என்பதையே மேல்வரம்பாகச் சொல்கிறது. விருந்தினருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். வாகனம் ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு 100 மி.லி. மூச்சில் 35 மைக்ரோகிராம். எத்தனை கிளாஸ் வரை தாங்கும் என்று கணக்குப் போடாமல் வாகனத்தை வீட்டிலேயே விடச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. 2015 முதல் இரவு 10.30 முதல் காலை 7 வரை கடைகளில் எடுத்துச்செல்லும் மது விற்பனை இல்லை, அந்த நேரத்தில் பொது இடத்தில் குடிப்பதும் குற்றம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் விதிகள் இன்னும் கடுமை, அதனால் அங்கே மாம்பழம் வாங்கப் போகும் சனிக்கிழமையில் போத்தலையும் பகலிலேயே வாங்கிவிடுங்கள். ஜொகூர் போய்வருபவர்களுக்கு: மலேசியாவிலிருந்து திரும்பும்போது மதுவுக்கு வரிச்சலுகை கிடையாது.

மது இல்லாமல் இதே சுவை வருமா?

அருகில் வரும். தெக்கீலா, டிரிபிள் செக் இரண்டுக்கும் பதிலாகப் பால் கலக்காத, ஆறிய கெட்டித் தேநீர் 30 மி.லி. ஊற்றுங்கள். அதன் துவர்ப்பு இல்லாவிட்டால் பானம் வெறும் மாம்பழச் சர்பத்தாக நின்றுவிடும். சில்லி பாடி எனும் சிறிய கார மிளகாயில் ஒரு மெல்லிய வளையம் போட்டுக் குலுக்கினால் தொண்டையில் இறங்கும் சூடும் கிடைக்கும். ஐஸ் போட்ட பிறகு மேலே சோடா 60 மி.லி. சேருங்கள்.

மருந்து சாப்பிடுபவர்கள், டுரியான் சாப்பிட்டவர்கள்?

மெட்ரோனிடசோல் எனும் கிருமிக்கொல்லி, தூக்க மாத்திரை, நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் குடிக்க வேண்டாம். கிரேப்ஃபுரூட் சாறு கலந்த தெக்கீலா பானம் செய்பவர்கள் கவனிக்க: அந்தப் பழம் சில கொழுப்பு மருந்துகளையும் இரத்த அழுத்த மருந்துகளையும் உடலில் அளவுக்கு மீறித் தேங்க வைக்கும்.

டுரியானைப் பொறுத்தவரை, ஆல்கஹாலை உடல் சிதைக்கும்போது வேலை செய்யும் ஒரு நொதியை டுரியானின் கந்தகச் சேர்மங்கள் தடுக்கின்றன என்று ஆய்வகச் சோதனை காட்டியிருக்கிறது. ஒரே விருந்தில் இரண்டையும் வைக்க வேண்டாம். ஒரு மிடறிலேயே முகம் சிவக்கும் நண்பர்களுக்கு அதே நொதி பிறவியிலேயே குறைவு. அவர்களை இன்னொரு கிளாஸுக்கு வற்புறுத்தாதீர்கள்.

போத்தலில் புழு இருக்குமா?

தெக்கீலாவில் இருக்காது. அகாவேயிலிருந்தே வடிக்கும் இன்னொரு மதுவான மெஸ்காலின் சில போத்தல்களில்தான் போடுகிறார்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிகியூ. அங்கேயே எலுமிச்சை பிழிந்து செய்யலாமா?

பகல் வெயிலில் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் தோல் எண்ணெயும் பட்ட கையில் வெயில் விழுந்தால், ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்புளம் கட்டும், பிறகு வாரக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கும். சாற்றில் உள்ள ஃபியூரோகூமரின் புற ஊதாக் கதிரோடு வினைபுரிவதால் வருவது இது. வெறும் தண்ணீரில் அலசினால் எண்ணெய் போகாது. வீட்டிலேயே பிழிந்து, சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு, சாற்றை மூடிய போத்தலில் ஐஸ் பெட்டிக்குள் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகள் எலுமிச்சைத் துண்டை எடுத்து விளையாடினால் அவர்கள் கையையும் உடனே கழுவிவிடுங்கள். பூங்காவிலும் இரவு 10.30க்கு முன் போத்தலை மூடி வைத்துவிடுங்கள்.